ஏசி ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது: யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

உச்சிப்புளி டாக்ஸி

ப்ளோயரை, அதாவது ஏசி காற்றை வீசும் விசிறியை, நாலில் வைத்தால் புயல், ஒன்று இரண்டு மூன்றில் மூச்சே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விசிறி வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள், சரியானது. ஐப்பசி மழையில் பாம்பன் பாலத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தபோது மறுபடி அதே கதை. வேறு ஒருவரிடம் காட்டினேன். குளோவ் பாக்ஸைக் கழற்றி, ரெசிஸ்டரில் வயர் சொருகும் கப்ளரை உருவி என் கையில் கொடுத்தார். ஒரு பின் இருந்த இடம் மட்டும் கருகி, வெள்ளைப் பிளாஸ்டிக் உருகிப் பின்னோடு ஒட்டிக் கிடந்தது. வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு நிறமே இல்லை, பச்சைக் களிம்பு. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. இந்தக் கப்ளரில்தான் புது ரெசிஸ்டரைச் சொருகி, முழுக் காசையும் வாங்கியிருக்கிறார்கள். சொருகிய கை அந்தக் கருகலைப் பார்க்காமலா இருந்திருக்கும்?

கீழக்கரை வேன்

எனக்கு எந்த ஸ்பீடிலும் ஓடவில்லை. மோட்டார் போச்சு என்றார்கள். புது மோட்டாரும் அசையவில்லை. மீட்டரை வைத்தால் மோட்டார் கப்ளரில் 12 வோல்ட் வருகிறது, ஆனால் மோட்டார் சுற்றாது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் மீட்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் முறுக்கி அதே கப்ளரில் வைத்தார். இழை சிவக்கக்கூட இல்லை. கறுப்பு வயரில் இருந்த முனையை மட்டும் எடுத்துக் கதவுக் கீல் போல்ட்டில் வைத்தார். பளீரென்று எரிந்தது பாருங்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எர்த்! கரண்ட் வண்டி பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ஃப்ளோர் மேட்டுக்கு அடியில், மீன் பெட்டி ஐஸ் தண்ணீர் வடிந்து தேங்குகிற மூலையில் அந்த போல்ட். துருவைச் சுரண்டி, வயர் முனைக்குப் புது லக் போட்டு இறுக்கியதும் ஓடிவிட்டது. உச்சிப்புளித் தம்பி, உங்களுக்கும் எர்த்தாகத்தான் இருக்கும்.

உச்சிப்புளி டாக்ஸி

இல்லை காக்கா. எர்த் போயிருந்தால் நாலாவது ஸ்பீடும் செத்திருக்கணும். நாலாவது ஸ்பீடு ரெசிஸ்டர் வழியாகப் போகாமல் நேராகப் போகிறது, அதனால்தான் அது மட்டும் பிழைத்தது. உங்களுடையது வேறு நோய்.

சாயல்குடி

இரண்டு பேருமே கப்ளர், எர்த் என்று நிற்கிறீர்கள். கப்ளர் ஏன் உருகியது என்று யாரும் கேட்கவில்லை. என் வண்டியிலும் உருகியது, மோட்டார் தண்டு சுற்றும் புஷ் இறுகிக் கிடந்தது, மாற்றினேன். என் கதை அவ்வளவுதான்.

ப்ளோயர் முழு வேகத்தில் 15, 20 ஆம்பியர் இழுக்கும் சாமான். தனுஷ்கோடி மணலும் உப்பும் உள்ளே போய் மோட்டார் இறுகினால் இன்னும் கூடும். பின் லூசாக, களிம்பு பிடித்து இருந்தால் அத்தனை சூடும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ஆகவே முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றணும். ஏசி பில்டரையும் பாருங்கள். ரெசிஸ்டரைக் காற்றுப் பாதையிலேயே வைத்திருப்பது அது குளிரத்தான். பில்டர் அடைத்தால் எந்த ரெசிஸ்டரும் நிற்காது.

எர்த்தைப் பார்க்க பல்பு தேவையில்லை. விசிறி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை மோட்டார் எர்த் வயரிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டணும். அரை வோல்ட் தாண்டினால் எர்த் சரியில்லை. சில வண்டிகளில் ஸ்பீடு ஸ்விட்சே எர்த் பக்கம்தான் இருக்கும், வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் இந்த ரெசிஸ்டர் கதையே வேறு.

களிம்பு பிடித்த வயரை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி எறியுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இந்தக் கடற்கரையில் ஒரு மழைக்குத் தாங்காது. லக் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் மட்டும் மாட்டாதீர்கள், அப்புறம் வயர்தான் பியூஸ்.

மண்டபம் ஜீப்

ஹீட்டருக்கும் இதே ப்ளோயர்தான். இந்த ஊரில் ஹீட்டர் யாருக்கு வேணும் என்று சொல்லித் திரிந்தவன் நான். சித்திரை வெயிலில் பாலத்து நடுவில் ரேடியேட்டர் பேன் நின்று, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. முன்னும் பின்னும் சுற்றுலா பஸ். ஹீட்டரைத் திறந்து ப்ளோயரை முழுசாக வைத்தால் எஞ்சின் சூடு கொஞ்சம் வெளியே போகும் அல்லவா, அதைச் செய்தேன். டக் என்று ரிலே (ப்ளோயருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) சத்தம். காற்று இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஓங்கி ஒரு குத்து விட்டேன், ஓட ஆரம்பித்தது. வருஷக்கணக்கான தூசியோடு அனல் காற்று! பின் சீட்டில் இருந்த அப்பத்தா, "ஏம்ப்பா, வெயில் பத்தலையா ஒனக்கு?" என்று கேட்டார்களே, அதை இன்னும் மறக்கவில்லை. பாம்பன் போய் நிறுத்துவதற்குள் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. குத்தினால் ஓடுகிற மோட்டாருக்கு உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று அப்புறம் சொன்னார்கள்.

கீழக்கரை வேன்

சாயல்குடிக்காரர் பல்பு தேவையில்லை என்கிறார். மீட்டர் 12 காட்டியதை நம்பித்தான் புது மோட்டாருக்குக் காசு கொடுத்தேன். நான் பல்பைத்தான் நம்புவேன்.

சாயல்குடி

மீட்டர் பொய் சொல்லவில்லை காக்கா. லோடு இல்லாமல் அளந்தால் ஒரு இழை வயரிலும் 12 காட்டும். மோட்டாரை மாட்டி, ஓட விட்டு அளக்கணும் என்கிறேன்.

உச்சிப்புளி டாக்ஸி

சரி, விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கிறீச் என்கிறது. மோட்டாரும் மாற்றணும் போல. கப்ளர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

மண்டபம் ஜீப்

ராமநாதபுரத்தில் ஸ்பேர் கடைகளில் வயரோடு சேர்ந்த கப்ளராகக் கேட்டுப் பாருங்கள். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் மட்டும் வாங்காதீர்கள், அதுவும் இதே உப்புக்காற்றில் கிடந்ததுதான்.