கடல் கடந்து வரும் சீனத் தேயிலை: நம்பி வாங்கலாமா?

கிழக்குக்கரை (சிங்கப்பூர்)

போன மாதம் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் 'தொண்ணூறுகளின் 7542, ஷெங்' என்று போட்டிருந்த பூஅர் கேக் ஒன்றை 48 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். 357 கிராம். பூஅர் என்பது சீனாவின் யுன்னான் மாநிலத்துத் தேயிலை, வட்டமாக அழுத்திக் கேக்காக விற்பார்கள். ஷெங் என்றால் குவித்து நொதிக்க வைக்காமல் தானாக முதிர விட்ட வகை. பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. உறைத்தாள் பழுப்பேறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, பார்க்க நல்ல பழசாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளைப் பிரித்ததும் ஈரத்தோடு மடித்து வைத்த சாக்கின் வாடை. ஐந்து கிராம் உடைத்து மூடிக்கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் விட்டுப் பத்தே வினாடியில் வடித்தேன். கறுப்பாக, கலங்கலாக இறங்கியது. ஐந்தாவது முறை வெந்நீர் விட்டபோது சுவையே இல்லை. இது அசல்தானா? வெளிநாட்டு விற்பனையாளரிடம் தேயிலை வாங்குவதே தப்பா?

ஈப்போவாசி (மலேசியா)

அசல் இல்லை. முப்பது வருடம் ஒழுங்காக இருந்த ஷெங் செம்பழுப்பாக, தெளிவாக இறங்கும். பத்து வடிப்பு தாண்டியும் இனிப்பு நிற்கும். விலையைப் பாருங்கள்: தொண்ணூறுகளின் உண்மையான 7542 கேக் இன்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகிறது. 75 என்பது 1975, அந்தக் கலவை உருவான ஆண்டு. 4 இலையின் தரம். 2 மெங்ஹாய் தொழிற்சாலையின் எண். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடிய நான்கு இலக்கங்கள், அவ்வளவுதான்.

உறையைத் திருப்பிப் பாருங்கள். க்யூஎஸ் என்ற சிறு முத்திரை இருக்கிறதா?

என் கருத்து: தேயிலையை வாயால்தான் வாங்க வேண்டும், திரையில் படம் பார்த்து அல்ல. எங்கள் ஊரில் ஈயச் சுரங்கக் காலத்தில் சீனத் தொழிலாளர்கள் குடித்தது குவாங்ஷியிலிருந்து கப்பலில் வந்த லியு பாவ் என்ற கறுத்த தேயிலை. இன்றும் சில பழைய கடைகளில் அது கூடையோடு கிடைக்கும். நான் போகும் கடையில் தவுக்கே, அதாவது கடை முதலாளி, முதலில் உட்காரச் சொல்வார். மூன்று வகை ஊற்றிக் கொடுப்பார். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். இந்த வசதி எந்த இணையக் கடையிலும் கிடையாது.

பனிமூட்டம் (நியூ ஜெர்சி)

ஈப்போ அண்ணா, அந்தக் கேக் போலி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதைக் காட்டி எல்லா வெளிநாட்டு விற்பனையாளர்களையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். கைப்பேசி உறை முதல் காலணி வரை எல்லாம் கிடைக்கும் தளத்தில் யாரோ ஒருவர் விற்கும் 'பழைய' கேக் ஒரு வகை. யுன்னானிலேயே தங்கி, வசந்தத்தில் மலை ஏறி, தோட்டக்காரரிடம் உலர்ந்த இலையை வாங்கித் தானே அழுத்தி விற்பவர் வேறு வகை. இரண்டாமவர் எந்த மலை, எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்று எழுதுகிறார். முக்கியமாக, 25 கிராம் சாம்பிள் தருகிறார்.

ஏழு வருடமாக நான் பின்பற்றும் ஒழுங்கு ஒன்றுதான். சாம்பிள் குடிக்காமல் கேக் வாங்குவதில்லை. ஒரு முறை ஒரே விற்பனையாளரிடம் ஆறு சாம்பிள் வாங்கினேன். விலை கூடிய இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மலிவான ஒன்றை, ஜிங்மாய் மலை இலை அது, ஒரு வாரம் காலையில் அதையே குடித்தேன். அப்புறம்தான் கேக்குக்கு ஆர்டர் போட்டேன். உங்கள் தவுக்கே கடையில் நடப்பதும் இதுதானே? என் வீட்டு மேசையில் நடக்கிறது, அவ்வளவே.

இன்னொன்று, பழசை விட்டுவிட்டு இந்த ஆண்டு இலையை வாங்குங்கள். வயதைக் கூட்டிச் சொல்ல அங்கே இடமே இல்லை.

ஈப்போவாசி

தம்பி, வயதில் பொய் இல்லை என்றால் ஊரில் பொய் வரும். பூஅருக்குப் பேர்போன லாவ் பான்ஜாங் ஒரே ஒரு சிறு கிராமம். அதன் பெயரில் விற்கும் கேக்குகளுக்கு அங்கே இலை எங்கே இருக்கிறது? பெயருக்கு விலை ஏறியதும் பக்கத்து மலைகளின் இலையெல்லாம் அந்தப் பெயரில் போகத் தொடங்கியது. 'முந்நூறு வருட மரம்' என்கிறார்கள், யார் போய் அளந்தார்கள்? விற்பவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு இலை தந்தவர் என்ன சொன்னாரோ அதைத்தான் அவரும் எழுதுகிறார்.

சீனாவின் வூயி மலையில் தா ஹோங் பாவ் என்ற புகழ்பெற்ற தேயிலையின் தாய்ச்செடிகளைப் பாருங்கள். பாறை இடுக்கில் ஆறே செடிகள். 2006 முதல் பறிப்பதே இல்லை. கடைசியாக 2005இல் பறித்ததில் 20 கிராம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'தாய்ச்செடி இலை' என்று ஐம்பது கிராம் பொட்டலத்தை நானே திரையில் பார்த்திருக்கிறேன். படிக்கிறவர்கள் ஏமாறுகிறார்களே என்றுதான் மனசு கேட்கவில்லை.

சாரல் (சென்னை)

ஈப்போ அண்ணா, உட்கார்ந்து குடித்துப் பார்க்க உங்களுக்குக் கடை இருக்கிறது. எங்களுக்கு? இந்தியாவில் வணிகத்துக்குத் தேயிலை இறக்குமதி செய்தால் அடிப்படைச் சுங்கவரியே 100 சதவீதம். எனக்குத் தெரிந்து எந்தக் கடைக்காரரும் நல்ல சீனத் தேயிலையைத் தேடிப்பிடித்து வைப்பதில்லை. வெளிநாட்டில் வாங்காதே என்றால் குடிக்கவே குடிக்காதே என்றுதான் அர்த்தம்.

ஆனாலும் பனிமூட்டம் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. பூஅர் நாளாக ஆக மாறி வளரும், ஒரு மாதம் வழியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பச்சைத் தேயிலை அப்படி இல்லை. லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலையில் சிங்மிங் என்ற சீனத் திருநாளுக்கு முன், அதாவது ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பறித்ததற்குத்தான் மதிப்பு. நான் மலிவு ஷிப்பிங் பார்த்து ஆர்டர் போட்டேன். ஜூன் நடுவில் கைக்கு வந்தது. பொட்டலம் வெள்ளிபோல் பளபளத்தது. உள்ளே இலை மஞ்சளாகியிருந்தது. வறுத்த பயறு மணம் வரும் என்பார்களே, வரவில்லை. வைக்கோல் வாசனைதான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வெயிலில் எங்கோ கிடந்திருக்கிறது. இதற்குச் சாம்பிள் கேட்டு, குடித்து, மறுபடி ஆர்டர் போட்டால் பருவமே முடிந்துவிடும்.

பனிமூட்டம்

அக்கா சொல்வது சரி. பச்சைத் தேயிலைக்கு என் வழி உதவாது. அங்கே போன ஆண்டு வாங்கிய விற்பனையாளரையே நம்பி, விரைவு அஞ்சலுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

செலவும் மாறிவிட்டது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இங்கே 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லாமல் இருந்தது. சீனாவிலிருந்து வருவதற்கு 2025 மே 2 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. முன்பு மாதம் ஒரு சின்ன ஆர்டர் போடுவேன். இப்போது நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு முறை.

ஆனால் அண்ணா, ஊர்ப் பெயரைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் சாம்பிள் வாங்கச் சொல்லும் காரணமும். பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊர் தெரியாத கேக்கும் நன்றாக இருந்தால் வாங்கலாம்.

கிழக்குக்கரை

பார்த்துவிட்டேன். பின்பக்கம் கீழே க்யூஎஸ் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

ஈப்போவாசி

அந்த உணவுப் பாதுகாப்பு முத்திரை தொண்ணூறுகளில் கிடையவே கிடையாது. 2000க்குப் பிறகு வந்தது. 2015இல் அதற்குப் பதிலாக எஸ்சி என்று தொடங்கும் உற்பத்தி உரிம எண் வந்தது. அதை அச்சடித்த கையோடு தாளைப் பழுப்பாக்கியிருக்கிறார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வடித்த இலையைக் கொட்டாதீர்கள். வெள்ளைத் தட்டில் பரப்பி விரலால் பிரித்துப் பாருங்கள். ஷெங் என்றால் இலை மெல்ல விரியும், இழுத்தால் ரப்பர் போல நீளும். ஈரத்தில் குவித்து நொதிக்க வைத்த ஷோ கறுத்து, சுருண்டு, நசுக்கினால் கூழாகும். நுண்ணிய மஞ்சள் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், லியு பாவில் அதைப் பொற்பூ என்று விரும்பியே வாங்குவார்கள். பஞ்சு மாதிரி வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் குடிக்கவே கூடாது.

சாரல்

குடித்தீர்களே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கிழக்குக்கரை

நலமாக இருக்கிறேன் அக்கா. தட்டில் பரப்பினேன். மேல் அடுக்கில் முழு இலை நாலைந்து. அதை நீக்கினால் உள்ளே எல்லாம் கறுப்புத் தூள், காம்பு, விரலில் ஒட்டும் கூழ். ஷோதான். பஞ்சு ஏதும் இல்லை, ஆனாலும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். விற்றவர் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஏற்கவில்லை, தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பனிமூட்டம் சொன்னபடி யுன்னானிலிருந்து நான்கு சாம்பிள் ஆர்டர் போட்டேன், எல்லாம் இந்த வசந்தத்து இலை. ஈப்போ அண்ணா, டிசம்பர் விடுமுறையில் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறோம். ஒவ்வொன்றிலும் பத்து கிராம் தனியாக எடுத்து வைக்கிறேன். தவுக்கே கடை இலையோடு பக்கத்தில் வைத்து ஊற்றிப் பார்க்கலாமா?

ஈப்போவாசி

வாருங்கள். தராசு, கிண்ணம் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பொட்டலத்தில் பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போட்டு வாருங்கள். எது எது என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம்.