கெர்னல் ஓப்லாக்ஸ்: ஆன் பண்ணணுமா, வேண்டாமா?

இரவுக்காவல்:
எங்கள் ஆபீஸ் லினக்ஸ் சர்வரில், அதன் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் சாம்பா ஓடுகிறது. விண்டோஸ் பில்லிங் மென்பொருள் ஷேரில் (பகிர்ந்த ஃபோல்டரில்) ஒரு சிஎஸ்வி கோப்பை நாள் முழுக்கத் திறந்தே வைத்து எழுதும், ராத்திரி சர்வரிலேயே ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்துக் கணக்குப் போடும். போன வாரம் கடைசிப் பில்கள் கோப்பில் இல்லை. ஓப்லாக் (கோப்பைத் தன் பக்கமே கேஷ் பண்ணிக்கொள்ள சர்வர் தரும் அனுமதி) கையில் இருக்கிறது, வேறு யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியத்தில் விண்டோஸ் அவற்றைத் தன் கேஷிலேயே, அதாவது தற்காலிக நினைவிலேயே, வைத்திருந்தது. ஸ்கிரிப்ட் சாம்பா வழியாக வராததால் சாம்பாவுக்கும் விஷயம் தெரியாது. சர்வரிலேயே ஒரு புரோகிராம் திறந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னல் மூலம் சாம்பாவுக்குத் தெரியவைக்கும் கெர்னல் ஓப்லாக்ஸ் அமைப்பை ஏன்தான் ஆஃபில் வைத்து அனுப்புகிறார்களோ!

பழையகை:
காரணம் இருக்கு தம்பி. ஆன் பண்ணினால் சாம்பா ஒவ்வொரு ஓப்லாக்குக்கும் கெர்னலிடம் எஃப்_செட்லீஸ் என்ற அழைப்பில் ஒரு லீஸ் கேட்கும், அதாவது வேறு யாராவது அந்தக் கோப்பைத் திறக்க வந்தால் முதலில் எனக்குச் சொல் என்று. அங்கே ரீட், ரைட் என்று இரண்டே வகை. விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறியான எஸ்எம்பியின் 2.1-இல் ஓப்லாக்கின் புது வடிவமாக வந்த லீஸில் ஹேண்டில் கேஷும் (புரோகிராம் மூடிய கோப்பையும் திறந்தபடியே வைத்திருப்பது) தனியாக உண்டு, இரண்டும் ஒட்டாது. அதனால் அந்த எஸ்எம்பி லீஸும் போச்சு, பலர் சேர்ந்து படிக்கும்போது தரும் லெவல் 2 ஓப்லாக்கும் போச்சு, பத்துப் பேர் ஒரே கோப்பைப் படித்தாலும் ஒருத்தருக்கும் கேஷ் கிடையாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே.

இரவுக்காவல்:
மெதுவாக இருந்தால் திட்டு வாங்கலாம், கணக்கு தப்பினால் வேலை போகும் அண்ணே. கெர்னல் லீஸ் இருந்தால் ஸ்கிரிப்ட் ஓபன் பண்ணும் இடத்திலேயே கெர்னல் அதை நிறுத்தி, சாம்பாவுக்கு சிக்னல் அடித்து, விண்டோஸ் கேஷை எழுதி முடித்த பிறகுதானே உள்ளே விடும்?

பழையகை:
லேப்டாப்பை மூடிவிட்டு பில் போடுகிறவர் வீட்டுக்குப் போயிருந்தால்? கெர்னல் காத்திருக்கும் லீஸ்-பிரேக்-டைம் வழக்கமாக 45 வினாடி. அது தாண்டினால் கெர்னலே லீஸைப் பிடுங்கிவிட்டு ஓபனை விட்டுவிடும். முக்கால் நிமிஷம் காத்திருந்து அதே அரைகுறைக் கோப்பைப் படிப்பாய்.

மூன்றாம்ஷிஃப்ட்:
காத்திருக்கவே வேண்டாமே. ஓ_நான்பிளாக் (காத்திருக்காதே என்ற குறி) போட்டுத் திறந்தால் ஈவுட்பிளாக் (இப்போது முடியாது) என்ற பிழையோடு உடனே திரும்பிவிடும், ஆனால் லீஸை உடைக்கும் வேலை உள்ளே தொடங்கியிருக்கும். இரண்டு வினாடி விட்டுத் திரும்பக் கேளுங்கள். சட்டென்று திறந்தால் சரி, இழுத்தடித்துத் திறந்தால் அந்தக் கோப்பை நம்பாமல் லாகில் எழுதி வையுங்கள். இன்னொன்று, பேக்கப் எடுப்பது கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கா? அது சைஸும் நேரமும் மாறாத கோப்பைத் திறக்காமலே தாண்டிப் போகும். அவற்றைப் பார்க்கும் ஸ்டாட் அழைப்பு லீஸை உடைக்காது, ஓபன்தான் உடைக்கும். ஆக, லீஸ் இருந்தாலும் மாறிய கோப்பு விட்டுப்போகலாம்.

பழையகை:
அதைத்தான் சொல்ல வந்தேன். எந்தக் கோப்புகளுக்கு ஓப்லாக் தரக்கூடாது என்று சொல்லும் சாம்பா அமைப்பான வீட்டோ ஓப்லாக் ஃபைல்ஸில் சிஎஸ்வியை மட்டும் போடு. அந்தக் கோப்புக்கு ஓப்லாக்கே கிடையாது, எழுத்தெல்லாம் நேரே சர்வருக்கு வரும். பில்லுக்கு ஒரு வரி எழுதுவதில் வேகம் குறைந்தது யாருக்குத் தெரியப்போகிறது?

இரவுக்காவல்:
சிஎஸ்விக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஃபோல்டரை டிசைன் ஆட்களுக்கு, சாம்பா வழியாக வராத இன்னொரு பகிர்வு முறையான என்எஃப்எஸ்ஸிலும் கொடுத்திருக்கிறோம். எத்தனை எக்ஸ்டென்ஷனைத்தான் வீட்டோ பண்ணுவது?

பழையகை:
அடப்பாவி, ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல் வைத்திருப்பதை இப்போதுதான் சொல்கிறாயா? அப்படியென்றால் ஆன் பண்ணத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு ஷேரின் கீழே மட்டும் போடு, குளோபலில் கை வைக்காதே.