நிழற்கட்டு: லெவல் 2 மந்திரமா, அதற்கும் மேலா?

நிழல்கணி

எங்கள் குழு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறது, 2014 விதிகள். நான் விசார்ட் (மந்திரவாதி), இப்போது ஐந்தாம் லெவல். சொந்தமாக ஒரு மந்திரம் எழுதினேன், டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஒரு முறை ஆடிப் பார்க்க விட்டார், அன்றைக்கே தடையும் போட்டுவிட்டார். மந்திரம் இதுதான்:

நிழற்கட்டு. லெவல் 2. ஒரு ஆக்‌ஷன். தூரம் 60 அடி. நிழல் விழுந்திருக்கும் ஒரு உயிர் கரிஸ்மா சேவ் (ஆளுமையை வைத்துத் தப்பிக்க உருட்டும் பகடை) போட வேண்டும். தோற்றால் 1 நிமிடத்துக்கு அதன் வேகம் 0, ரியாக்‌ஷன் எடுக்க முடியாது (பிறர் டர்னில் பதிலடி தர முடியாது). கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைப் பிடித்துவைக்கும் கவனம், ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்துக்குத்தான்) தேவையில்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் வேலை செய்யாது.

நடந்தது என்னவென்றால், ஒரு பாழடைந்த மாவு ஆலைக்குள் அவுல்பேர் (ஆந்தைத் தலைக் கரடி) ஒன்று எங்கள் மேல் பாய வந்தது, கிளெரிக் (எங்கள் குழுவின் பூசாரி) கையில் தீப்பந்தம், பின்சுவரில் அதன் நிழல் பெரிதாக விழுந்திருந்தது. நான் கட்டினேன், அது சேவில் தோற்றது. மற்றவர்கள் பத்தடி தள்ளி நின்று அம்பும் ஈட்டியுமாக எறிந்தார்கள். மூன்று ரவுண்டில் முடிந்தது, யார்மீதும் ஒரு கீறல் இல்லை. என் மந்திரத்தால் ஒரு புள்ளி டேமேஜ்கூடக் கிடையாது, அப்படியிருக்க இது எப்படி ஓவர் பவர் ஆகும்? நியாயம் கேட்கத்தான் இங்கே எழுதுகிறேன்.

பகடைக்கை

உங்கள் டிஎம் செய்தது சரி. ஆறு வருடமாக டிஎம் இருக்கையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டேமேஜ் இல்லை என்பதைக் காட்டி ஒரு மந்திரத்துக்கு விலை குறைக்க முடியாது. எதிரியின் டர்னைப் பிடுங்கும் மந்திரம்தான் இந்த ஆட்டத்தில் விலை அதிகம்.

அதே லெவல் 2-இல் இருக்கும் ஹோல்டு பர்சனைப் பாருங்கள். அது மனித உருவில் இருப்பவர்களை மட்டும்தான் பிடிக்கும், கான்சன்ட்ரேஷன் வேண்டும், ஒவ்வொரு டர்ன் முடிவிலும் எதிரிக்கு மறுபடி சேவ் உண்டு. வெப் (சிலந்திவலை மந்திரம்) எடுத்தால் அதற்கும் கான்சன்ட்ரேஷன், சிக்கியவன் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து வலிமையைக் காட்டி அறுத்துக்கொண்டு வரலாம். இரண்டும் உங்கள் மந்திரத்தைவிடக் கடுமையாகக் கட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் வெளியே வர வழி இருக்கிறது. உங்களுடையதில் ஒரு முறை தோற்றால் ஒரு நிமிடம், அதாவது பத்து ரவுண்டு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கரிஸ்மா சேவ். உங்கள் இன்டெலிஜென்ஸ் 18 என்று வைத்தால் டிசி (சேவில் எட்ட வேண்டிய எண்) 15. அவுல்பேரின் கரிஸ்மா 7, அதாவது மைனஸ் 2, அது 17 அல்லது அதற்கு மேல் உருட்டினால்தான் தப்பும். நூற்றுக்கு இருபது. அதையே வலிமை சேவாக வைத்திருந்தால் பிளஸ் 5, 10 உருட்டினாலே போதும், நூற்றுக்கு ஐம்பத்தைந்து. மிருகங்களுக்கெல்லாம் கரிஸ்மா குறைவு என்று தெரிந்துதான் அதை எடுத்தீர்களா?

நிழல்கணி

இல்லை, சத்தியமாக இல்லை. நிழல் என்பது ஒரு உயிர் இந்த உலகத்தில் இருப்பதற்கான அடையாளம், அதைப் பிடித்து நிறுத்துகிறேன், அதனால் கரிஸ்மா. வேறு உலகத்துக்கு விரட்டும் பேனிஷ்மென்டும் கரிஸ்மா சேவ்தானே, அதே நியாயம்தான் இங்கேயும்.

வழி இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். அவுல்பேருக்குத் தூரத்திலிருந்து அடிக்க எதுவும் கிடையாது, அதனால்தான் அப்படி முடிந்தது. அந்த இடத்தில் ஓகர் (பெரிய அரக்கன்) இருந்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஈட்டி எறிந்திருக்கும், பட்டால் சராசரி 11. வில்லாளியைக் கட்டி என்ன பயன், மந்திரவாதியைக் கட்டி என்ன பயன்? அவர்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு மோதலை வைத்துத் தடை போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திரிவிளக்கு

நான் நிழல்கணி பக்கம். சமநிலை சமநிலை என்று எல்லோரும் பேசுகிறோம், புத்தகமே அதை மதிக்கவில்லையே. 2014 டிஎம் கையேட்டில் புது மந்திரம் உருவாக்குகிறவர்களுக்கென்று ஒரு டேமேஜ் அட்டவணை இருக்கிறது. லெவல் 3-இல் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு 6டி6 (ஆறு பக்கப் பகடை ஆறு) என்கிறது, சராசரி 21. ஃபயர்பாலை எடுத்துப் பாருங்கள்: லெவல் 3, 8டி6, சராசரி 28. அட்டவணைப்படி 8டி6 லெவல் 5-இன் கணக்கு. லைட்னிங் போல்ட்டும் அப்படித்தான். ஐம்பது வருடமாக ஆட்டத்தின் முகமாக இருக்கும் மந்திரத்துக்கு இவ்வளவு தாராளம் காட்டலாம், வீட்டில் ஒருவர் யோசித்து எழுதியதைத் தராசில் வைத்து நிறுக்க வேண்டுமா? மேசையில் எல்லோருக்கும் அந்த ஆலைக் காட்சி நினைவில் நிற்கும், சுவரில் நிழல், ஆணி அடித்ததுபோல நிற்கும் மிருகம். அட்டவணை இதைத் தருமா?

பகடைக்கை

திரிவிளக்கு, ஃபயர்பால் கணக்கு சரிதான். ஆனால் அது மிஞ்சுவது டேமேஜில், அதைச் சமாளிக்க இன்னும் நாலு கோப்ளினைச் சேர்த்தால் போதும். நான் பயப்படுவது வேறு, காகிதத்தில் சின்னதாகத் தெரிந்து மேசையில் பூதமாகிறவை.

ஹீலிங் ஸ்பிரிட் நினைவிருக்கிறதா? 2017-இல் அதிகாரபூர்வமாக வந்த லெவல் 2 மந்திரம். ஒரு ஆவியை நிறுத்தி வைப்பீர்கள், அது நிற்கும் இடத்துக்குள் வருகிறவருக்கு 1டி6 குணமாகும். வெறும் 1டி6! படிக்கும்போது யாருக்கும் உறுத்தவில்லை. சண்டை முடிந்த பிறகு நாலு பேரும் வரிசையாக அதற்குள் நடந்து போய்வந்தால், பத்து ரவுண்டுக்குச் சராசரி 140 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), ஒரே ஒரு லெவல் 2 ஸ்லாட்டில் (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பில்). கடைசியில் 2020 திருத்தத்தில் ஐந்தாறு தடவைக்கு மேல் குணப்படுத்தாதபடி வரம்பு வைத்தார்கள். சம்பளம் வாங்கி இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கே "எத்தனை தடவை, எவ்வளவு நேரம்" என்ற இடத்தில்தான் சறுக்கியது. நிழற்கட்டில் கான்சன்ட்ரேஷன் வேண்டாம் என்ற ஒரு வரி அதே இடம். உங்களிடம் மூன்று லெவல் 2 ஸ்லாட், மூன்று பேரைக் கட்டலாம், கான்சன்ட்ரேஷனை மிச்சம் வைத்து மேலே அதைக் கேட்கும் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் மந்திரமும் போடலாம். வேறெந்த விசார்ட் இதைச் செய்ய முடியும்?

உச்சிவெயில்

இருவரும் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். 60 அடி என்பது அந்த உயிருக்கா, அதன் நிழலுக்கா? எழுதியதில் தெளிவில்லை. நிழலுக்கு என்று உங்கள் குழுவில் ஒருவர் வாதாடினால் என்ன ஆகும் பாருங்கள்.

நடுப்பகல், வெட்டவெளி, யங் ரெட் டிராகன் ஒன்று 200 அடி உயரத்தில் வட்டமிடுகிறது. அதன் நிழல் உங்கள் காலடியிலேயே ஓடுகிறது. கட்டுகிறீர்கள். வேகம் 0 ஆனால் பறக்கும் உயிர் விழும், அது பொது விதி. பத்தடிக்கு 1டி6 வீதம் 20டி6, சராசரி 70. ஃபயர்பால் ஒன்றும் செய்ய முடியாத சிவப்பு டிராகனுக்கு, 178 ஹிட் பாயின்ட்டில் 70 போய்விட்டது, அதுவும் ஒரு லெவல் 2 மந்திரத்தால். அதன் கரிஸ்மா சேவ் பிளஸ் 8, ஆக நூற்றுக்கு முப்பதுதான் வாய்ப்பு என்றாலும், மூன்று ஸ்லாட்டையும் அதிலேயே போட யார் தயங்குவார்கள்? இதே லெவலில் இருக்கும் எர்த்பைண்ட் பறக்கிறவரைக் கீழே இறக்கும், ஆனால் ரவுண்டுக்கு 60 அடி வீதம் பத்திரமாக இறங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரி சும்மா வரவில்லை.

நிழல்கணி

டிராகன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. தூரம் உயிருக்குத்தான் என்று எழுதிவிடுகிறேன், பறக்கும் உயிர் பத்திரமாக இறங்கும் என்பதையும் சேர்க்கிறேன். ஹீலிங் ஸ்பிரிட் உதாரணமும் உறைத்தது, கான்சன்ட்ரேஷன் சேர்த்தாயிற்று.

ஆனால் ஒவ்வொரு டர்னும் மறு சேவ் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அதைச் சேர்த்துவிட்டால் இது பலவீனமான ஹோல்டு பர்சன் ஆகிவிடும், நிழல் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லாமல் போகும். அதற்குப் பதில் இப்படி: நிழலை யாராவது அழித்தால் கட்டு அவிழும். பந்தத்தை அணைக்கலாம், விளக்கைத் தட்டிவிடலாம், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கலாம். சிக்கியவனின் கூட்டாளி ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் போதும். எங்கள் பக்கமும் பந்தம் பிடித்தவரைக் காப்பாற்ற ஓட வேண்டும். சண்டையே விளக்கைச் சுற்றி நடக்கும், எனக்கு வேண்டியது அதுதான்.

திரிவிளக்கு

அருமை. இந்த ஒரு வரியில்தான் இது உங்கள் மந்திரமாகிறது. கோப்ளின்கள் நாலு பேர் பந்தத்தைக் குறிவைத்து ஓடிவருவதை நினைத்தாலே ஆட வேண்டும்போல இருக்கிறது.

பகடைக்கை

எனக்கும் பிடித்திருக்கிறது, முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஆலையில் அந்த அவுல்பேர் தனியாகத்தானே இருந்தது? பந்தத்தை அணைக்க அதற்குக் கூட்டாளி இல்லை, தானே நடந்து போகவும் முடியாது. தனி மிருகத்துக்கு இந்த மந்திரம் இன்னமும் மரண தண்டனைதான். வெப்பில் இருப்பதுபோல, ஒரு ஆக்‌ஷன் எடுத்து வலிமையால் பிய்த்துக்கொண்டு வரலாம் என்று சேருங்கள். மறு சேவ் கேட்கவில்லை, அது தன் டர்னைச் செலவழித்துத்தான் முயல வேண்டும்.

நிழல்கணி

தன் நிழலை வலிமையால் எப்படிப் பிய்ப்பது? கரிஸ்மா சோதனை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பகடைக்கை

கரிஸ்மா என்றால் பழையபடி மைனஸ் 2 தானே, அவுல்பேருக்கு அதே நூற்றுக்கு இருபது. வலிமை இல்லையென்றால் என் மேசையில் லெவல் 3. உங்கள் டிஎம்மிடம் இரண்டு வடிவத்தையும் கொண்டுபோங்கள், முதலில் ஒரே ஒரு ஸ்க்ரோலாக (மந்திரச் சுருளாக) கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை ஆடியதும் தூளாகிவிடும், பிடிக்காவிட்டால் தடை போட வேண்டிய தேவையே வராது.

நிழல்கணி

ஸ்க்ரோல் யோசனை நல்லது, சனிக்கிழமை கேட்கிறேன். கரிஸ்மா வடிவம் லெவல் 3, வலிமை வடிவம் லெவல் 2, இரண்டையும் எழுதிக் கொண்டுபோகிறேன். எது நடந்தாலும் இங்கே வந்து சொல்கிறேன்.