சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வு: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உதவி தேவை

வணக்கம். நம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளை அமராவதிநகர் சைனிக் பள்ளியின் (பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் உறைவிடப் பள்ளி) ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வுக்குத் தயார் செய்கிறோம். ஞாயிறு காலையில் கணக்கு சொல்லித்தர ஆட்கள் வேண்டும்.

மொத்தம் 300 மதிப்பெண்ணில் பாதி கணக்குதான்: 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றிலும் தலா 25 கேள்வி, 2 மதிப்பெண் வீதம். நேரம் 150 நிமிடம். கணக்குக்கு 100 நிமிடம் போனால், மிச்சமுள்ள 75 கேள்விக்கும் தலா 40 விநாடிதான். விடை தெரிந்த பிள்ளைகூட ஓஎம்ஆர் தாளில் (வட்டம் நிரப்பி விடை குறிக்கும் தாள்) ஒரு வரி தள்ளி வட்டம் நிரப்பினால், அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகிவிடும். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் வெறுமனே விடக்கூடாது. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை, அதுதான் வருத்தம்.

எஸ்சி, எஸ்டி அல்லாதவர்கள் பாடத்துக்குக் குறைந்தது 25 விழுக்காடு, மொத்தத்தில் 40 விழுக்காடு எடுக்கவேண்டும். ஆனாலும் இடம் தரவரிசைப்படிதான். பிறகு மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

சான்றிதழில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டில் இடம் கேட்க, பிசி, எம்பிசி சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்கவேண்டும்.

கணக்கு ஆசிரியர்கள், தமிழ் மாதிரி வினாத்தாள் வைத்திருப்பவர்கள், ஓஎம்ஆர் தாள் அச்சடித்துத் தரக்கூடியவர்கள், தாலுகா அலுவலக நடைமுறை அறிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.