ராத்திரி ஒலிப்பதிவுக்கு இடைஞ்சலாகும் கம்ப்யூட்டர் ஃபேன்: சத்தமில்லாத ஃபேன் எது?

கரூர்_டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் பக்கத்து நாட்டார் கதைகளைச் சொல்லிப் பதிவு செய்துவருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தெரு அடங்கும். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், கம்ப்யூட்டரின் இரைச்சல் தனியாகக் கேட்கிறது. சீரான இரைச்சல் என்றால் எடிட்டிங்கில் ஓரளவு கழித்துவிடலாம். இதுவோ பிரவுசரைத் திறந்தாலே ‘ஊ’வென்று ஏறி, இரண்டு வினாடியில் இறங்குகிறது. அது கதையின் நடுவே விழும்போது அந்த வரியையே திரும்பச் சொல்லவேண்டி இருக்கிறது.

65 வாட் பிராசசர், அதனுடன் வந்த கூலர். கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கேபினட்டில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று 120 மிமீ ஃபேன்கள். மூன்றும் மோலெக்ஸ் என்கிற மின்சார வயரில், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கே நேராகப் போகின்றன. 3,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மாடி அறை, ஏசி கிடையாது. வேகத்தைக் குறைத்தால் கோடையில் சூடு தாங்குமா?

மணி_கோவை:
நாக்டுவா NF-A12x25 வாங்குங்க மேடம், கண்ணை மூடிக்கிட்டு. ஆஸ்திரியா கம்பெனி. விலைதான் அதிகம், ஒரு ஃபேனுக்கே உங்க பட்ஜெட்ல பெரும்பகுதி போயிடும்.

திருச்சி_அசெம்ப்ளர்:
டீச்சர், காசை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. உங்க கேபினட்ல ரெண்டு தனித்தனி பிரச்சினை இருக்கு.

மோலெக்ஸ்ல மாட்டின ஃபேனுக்கு எப்பவும் 12 வோல்ட் போகும். அதால வேகத்தை மாத்திக்கவே முடியாது. அப்போ ஏறி இறங்குறது பிராசசர் கூலர்தான். அந்த மூணும் போடுறது அடியில ஓடுற சீரான இரைச்சல். எவ்வளவு ஒசந்த கேபினட் ஃபேன் வாங்கினாலும் அந்த ‘ஊ’ போகாது.

அதுக்குச் செலவே இல்லை. பிரவுசரைத் திறந்தா பிராசசர் சில்லு ஒரு நொடியில 45 டிகிரியில இருந்து 65க்குத் தாவும், உடனே இறங்கிடும். ஆனா அதுக்கு மேல இருக்கிற கூலரோட அலுமினியம் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அடுப்பைப் பத்த வெச்சதும் அண்டா தண்ணி கொதிச்சிடுமா? அந்தத் தாவலைத் துரத்திக்கிட்டு ஃபேன் ஓடுறதுல பிரயோஜனம் இல்லை. பயாஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற செட்டிங்ஸ்ல, ஃபேன் கர்வ் பக்கத்துக்குப் போங்க. எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்னு காட்டுற கோடு அது. 60 டிகிரி வரைக்கும் கோட்டைப் படுக்கையா 35 சதவீதத்துல வைங்க. 75ல 55, 85ல 80, 90ல 100. ‘ஸ்டெப் அப்’னு தாமத நேரம் கேட்டா இருக்கிறதுலயே அதிகமானதைக் கொடுங்க.

சூட்டுக்குப் பயப்படாதீங்க. இந்த வகை பிராசசர்கள் பெரும்பாலும் 95, 100 டிகிரி பக்கம் போனாத்தான் வேகத்தைக் குறைச்சுக்கும். குரல் பதிவு அதுக்கு ஒரு வேலையே இல்லை.

அடுத்தது அந்த மூணு ஃபேன். பக்கவாட்டு மூடியைக் கழட்டி, சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, ஒவ்வொரு மோலெக்ஸா பிடுங்கிட்டு திரும்ப ஆன் பண்ணிக் கேளுங்க. கூலர் வயரை மட்டும் தொடாதீங்க. சிஸ்டம் அணைஞ்சிருக்கும்போது ஒவ்வொரு ஃபேனையும் விரலால மெல்லச் சுத்திப் பாருங்க. வழுக்கிக்கிட்டுப் போய் நிக்கணும். கரகரன்னு விரல்ல தட்டுப்பட்டா பேரிங் போச்சு, அதுக்கு எண்ணெய் விட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதுசு வாங்கினா 4 பின் பிடபிள்யூஎம் ஃபேன் (மதர்போர்டே வேகத்தை மாத்திக்கிற வகை), ஃப்ளூயிட் பேரிங், மதர்போர்டுல சேசிஸ் ஃபேன்னு போட்டிருக்கிற இடத்துல மாட்டுங்க. ஆர்க்டிக் P12 உங்க பட்ஜெட்டுக்குத் தாராளம். பிராண்டை விட வேகம்தான் முக்கியம்: நிமிஷத்துக்கு 1,200 சுற்றுல ஓடுற ஃபேனை 600க்கு இறக்கினா காத்து பாதியாகும், சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காதுக்கு அது பெரிய வித்தியாசம். விலை ஒசந்த ஃபேனையும் முழு வேகத்துல விட்டா இரையத்தான் செய்யும்.

கரூர்_டீச்சர்:
தம்பி, கர்வை மாற்றியதும் அந்த ‘ஊ’ நின்றேவிட்டது! முன்னால் கீழே இருக்கும் ஃபேன்தான் கரகரக்கிறது. முன் வலையில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது, பிரஷ்ஷால் எடுத்துவிட்டேன். மூன்றையும் மாற்றவேண்டுமா?

திருச்சி_அசெம்ப்ளர்:
ரொம்ப சந்தோஷம் டீச்சர். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போதும். ரெண்டே ரெண்டு வாங்குங்க, பழசு மூணையும் எடுத்துடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல ஓடினா ‘வ்வோம்... வ்வோம்’னு ஒரு அலை எழும்பும். முன்னாலதை 700, பின்னாலதை 600னு பிரிச்சு வைங்க. கேபினட் மேஜைமேல இருந்தா கீழே இறக்கி, பழைய மவுஸ் பேடு ரெண்டை அடியில கொடுங்க. மேஜைப் பலகையும் சேர்ந்து அதிரும், அது மைக் ஸ்டாண்டு வழியா ஏறிடும்.

மீதிக் காசுல மைக்குக்கு ஒரு நல்ல ஸ்டாண்டு வாங்கி, மைக்கோட முதுகு கேபினட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க. கதை போட்டதும் இங்கேயே லிங்க் கொடுங்க, கடையில எல்லாருமா கேக்குறோம்.