பழைய சஃபாரி ரேலி: பாயின்ட் கணக்கு எப்படி? ஏழே கார்கள் முடித்தது எதனால்?

டைம்கார்டு கேட்டது:

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியின் பழைய முடிவுகளைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். 1963-இல் 84 கார்கள் கிளம்பி 7 மட்டுமே முடிச்சிருக்கு. 1968-இல் 90-க்கு மேல் கிளம்பியும் அதே 7. ரெண்டு தடவையும் ஜெயிச்சவர் பெஜோ 404 ஓட்டிய நிக் நோவிக்கி. 1973-இல் ஷேகர் மேத்தாவும் ஹாரி கால்ஸ்ட்ரோமும் சரிசமம். நிமிஷக் கணக்கில் ஓட்டின ரேலியில் சரிசமம் எப்படி வரும்? இத்தனை கார் எங்கே போய் நிக்குது? உடைஞ்சதா, சிக்கினதா?

செக்பாயின்ட் எழுதியது:

இப்போ உள்ள ஸ்டேஜ் ரேலி (மூடின ரோட்டில் துண்டு துண்டா ஓட்டறது) மாதிரி நொடிக்கணக்கு அதில் கிடையாது, முதலில் அதை மறந்துடுங்க. ரோடு முழுக்கப் பொதுச் சாலை. லாரி, மாடு, பஸ் எல்லாம் எதிரே வரும். ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் (வந்த நேரத்தை அட்டையில் பதியற சாவடி) இடையே தூரமும் சராசரி வேகமும் கொடுத்துடுவாங்க. புரியறதுக்காக ஒரு கணக்கு: 120 கி.மீ., சராசரி 80 என்றால் 90 நிமிஷம். 14:07-க்குக் கிளம்பினால் 15:37-க்குள் அட்டையில் முத்திரை விழணும். 15:49-க்கு வந்தால் 12 பாயின்ட் போச்சு. 15:20-க்கே வந்துட்டா? எந்த லாபமும் இல்லை, நேரம் வர்ற வரைக்கும் வெளியே நிக்கணும். வேகமா ஓட்டிச் சேர்த்து வெச்ச நிமிஷத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துட்டுப் போகவும் முடியாது.

அதனால்தான் சரிசமம் வந்தது. தாமதமான முழு நிமிஷத்துக்கு ஒரு பாயின்ட் இழப்பு, அதுக்குக் கீழே பின்னம் இல்லை; குறைவா இழந்தவர்தான் ஜெயிப்பார். 1973-இல் ரெண்டு பேரும் இழந்தது 406 பாயின்ட். தொடக்கத்திலிருந்து யார் அதிக தூரம் பாயின்ட் இழக்காம வந்தாங்கன்னு பார்த்து, டட்சன் 240இசட் ஓட்டிய மேத்தாவுக்குக் கொடுத்தாங்க. கால்ஸ்ட்ரோமும் டட்சன்தான், அதனால் கம்பெனிக்கு எப்படியும் கொண்டாட்டம்.

ஏழு கார் விஷயத்துக்கு முக்கியமான விதி இன்னொண்ணு இருக்கு. மொத்தத் தாமதத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினா, கார் நல்லா ஓடினாலும் கன்ட்ரோலை மூடிட்டுப் போயிடுவாங்க. பட்டியலில் 'விலகல்' என்று இருப்பதையெல்லாம் இன்ஜின் போனதுன்னு படிக்காதீங்க.

கரிசல்_404 எழுதியது:

சிக்கினதுதான் அதிகம். ரேலி நடந்தது ஈஸ்டர் விடுமுறையில். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். சிவப்புச் சரளை ரோடு நனைஞ்சா மேலே மட்டும் வழுக்கும், அடியில் கெட்டி இருக்கும். நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியான மண் நைரோபிக்குத் தென்கிழக்கே அத்தி சமவெளியிலும் இருக்கு. அங்கேதான் வில்லங்கம். தண்ணி பட்டதும் களி உப்பி டயர் பட்டன் முழுக்க அடைச்சுக்கும். அப்புறம் அது வெறும் வழுக்கை டயர். மட்கார்டுக்குள்ளேயும் களி இறுகிச் சக்கரத்தையே பிடிச்சு நிறுத்தும்.

அதுக்கு அவங்க செஞ்சது: அகல டயர் வேண்டாம், ஒடுங்கின டயர், அதுதான் களியைக் கிழிச்சு அடிக்கெட்டியைத் தொடும். டிக்கிக்கு வெளியே ரெண்டு கைப்பிடி, பம்பரில் கால் வைக்கப் பலகை. நேவிகேட்டர் (பக்கத்தில் உக்காந்து வழி சொல்றவர்) இறங்கித் தள்ளிட்டு, கார் நகர்ந்ததும் நிக்காம ஓடி ஏறிப் பின்னால் நின்னு குதிப்பார். பின்சக்கரத்துக்கு எடை கிடைக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1954, 1957, 1962-இல் ஜெயிச்சதுக்குப் பாதிக் காரணம் இதே எடைதான், இன்ஜினே பின்சக்கரத்து மேல உக்காந்திருக்கு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: இன்ஜினுக்குக் கீழே காப்பா போடற அடித்தகடு தடிமனா இருந்தா மட்டும் போதாது. தகட்டுக்கும் ஆயில் சம்புக்கும் (இன்ஜின் ஆயில் தேங்கற தொட்டி) நடுவே சேறு நிரம்பிக் காய்ஞ்சா ஆயில் சூடு இறங்காது. பின்பக்கம் திறந்து விட்டு, கம்பி விட்டுக் குத்தி எடுக்க வழி வைக்கணும்.

டைம்கார்டு:

சரி, ஆறு கடக்கறது? படங்களில் பானெட் வரைக்கும் தண்ணி தெரியுது.

கரிசல்_404:

முதலில் நேவிகேட்டர் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பார். ஃபேன் உயரத்துக்கு மேல தண்ணின்னா ஃபேன் பெல்ட்டைக் கழட்டிடணும். இல்லேன்னா ஃபேனே தண்ணியை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிச்சு அனுப்பறது) மேல அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் கையுறை: விரல் நுனிகளை வெட்டி வயர்களை அது வழியா விடுவாங்க. ரேடியேட்டர் முன்னால் சாக்கு அல்லது தார்பாய். ஃபர்ஸ்ட் கியரில் ஒரே சீரா போகணும், நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டா சைலன்சர் வழியா தண்ணி ஏறும்.

பெரும்பாலும் விட்டுப்போறது பிரீதர் குழாய், அதாவது ஹவுசிங்குக்குள் காற்று போய் வர்ற குழாய். சூடான டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிச்சுத் தர்ற கியர்) ஹவுசிங் குளிர்ந்த தண்ணியில் இறங்கினதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணியை உறிஞ்சும். ஆயில் பால் நிறமாகும், ஓரிரு நூறு கி.மீ. கழிச்சு பேரிங் கத்தும். குழாயை ஹோஸ் போட்டு பானெட் உயரத்துக்குக் கொண்டு போறதுதான் வழி.

செக்பாயின்ட்:

ஒரு சேர்க்கை. உள்ளூர்க்காரங்களே ஏன் ஜெயிச்சாங்கன்னு அடுத்துக் கேப்பீங்க. இந்த ரேலி கார் கம்பெனிகள் தொடங்கினது இல்லை. கென்யாவில் நைவாஷா ஏரிக்கு வடக்கே லாங்கா லாங்கா பந்தயத் தடத்தில் சுத்திச் சுத்தி ஓட்டறது சலிச்சுப்போச்சுன்னு எரிக் செசிலும் அவர் உறவினர் நீல் வின்சென்ட்டும் பேசினதில் பிறந்தது. எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவை ஒட்டி 1953 மே 27-இல் 'கோரனேஷன் சஃபாரி'ன்னு கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) மூணையும் சுத்தினாங்க. ஷோரூம் கார்கள், விலைவாரியா வகுப்பு, அந்த வருஷம் ஒட்டுமொத்த வெற்றியாளரே அறிவிக்கலை. எந்தப் பாலம் எந்த மழைக்கு மூழ்கும்னு தெரிஞ்சவங்களுக்கான போட்டியாவே அது வளர்ந்துச்சு. வெளிநாட்டு ஓட்டுநர் முதலில் ஜெயிச்சது 1972-இல்தான்: ஹன்னு மிக்கோலா, ஃபோர்ட் எஸ்கார்ட்.

கிளம்பும் வரிசையும் பெரிய விஷயம். 1965-இல் ஜோகீந்தர் சிங், தம்பி ஜஸ்வந்தோட வோல்வோ பி.வி.544-இல் முதல் எண்ணில் கிளம்பி ஜெயிச்சார். முன்னால் போறவருக்குப் புழுதி இல்லை, ரோட்டை யாரும் உழுதிருக்க மாட்டாங்க. ஆனா மழை விட்டுக் காயத் தொடங்கின நாளில் இது தலைகீழ், பின்னால் வர்றவருக்குத் தடம் கெட்டியாகியிருக்கும். பட்டியலைப் படிக்கும்போது கார் எண்ணையும் அந்த வருஷத்து மழையையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, பாதி முடிவு தானா புரியும்.

டைம்கார்டு:

நன்றி. 1963 பட்டியலைக் கார் எண் வாரியா மறுபடி அடுக்கிட்டு வர்றேன்.