ராயபுரம் ஸ்டேஷன் கட்டுரையில் "முதல்" சண்டை: மூணாவது தடவை மாத்தலாமா?

கல்மண்டபம்:
விக்கிப்பீடியாவில் ராயபுரம் ரயில் நிலையக் கட்டுரையோட முதல் வரியில "தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்"னு போட்டிருந்தேன். ஒருத்தர் அதை "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்"னு மாத்திட்டு, ஒரு நாளிதழ் கட்டுரையோட இணைப்பையும் சேர்த்துட்டார். நான் மீளமைச்சேன், அதாவது பழையபடி ஆக்கினேன், அவர் திரும்பப் போட்டார். இதுவரை ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு தடவை. கூடவே ராயபுரத்தை எல்லா இடத்துலயும் "இராயபுரம்" ஆக்கிட்டார். மாத்தினதுக்குக் காரணம் எழுதுற தொகுப்புச் சுருக்கத்துல "ஊர் தெரியாதவர்கள் ஒதுங்கவும்"னு வேற எழுதியிருக்கார். மூணு தடவை வரைக்கும் மீளமைக்கலாம்னு விதி இருக்காமே, அப்ப எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா? இல்ல நேரா நிர்வாகிகிட்ட போயிடலாமா?

பழைய_வண்ணை:
பாக்கி எதுவும் இல்லை. ரேஷன் கடை அளவு மாதிரி "மூணு வரைக்கும் உரிமை" என்று அதைப் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள விதி, ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்றைத் தாண்டி மீளமைத்தால் தடை வரலாம் என்கிறது. மூன்றுக்குள் நின்றாலும் அது மாறி மாறி மாற்றும் தொகுத்தல் போர்தான் என்று நிர்வாகி முடிவு செய்யலாம். ஒவ்வொரு முறையும் வேறு வரியை மாற்றினாலும், பாதியை மட்டும் மாற்றினாலும் கணக்கில் சேரும். அப்பட்டமான நாசவேலையை நீக்குவது போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. மேற்கோளோடு வந்த மாற்றம் நாசவேலை ஆகாது. மேற்கோள் மோசமாக இருக்கலாம், அது வேறு பேச்சு. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு பெயரில்லாமல் வந்து மாற்றுவது எல்லாவற்றையும் விட மோசம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது அவருடைய பதிப்பு நிற்கிறதா? நிற்கட்டும். நிர்வாகி பக்கத்தைப் பூட்டினால் அந்த நேரத்தில் எது இருக்கிறதோ அதோடுதான் பூட்டுவார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை.

செய்ய வேண்டியது: கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்றே இருக்கும் உரையாடல் பக்கத்தில் புதுத் தலைப்பு. "இன்னாரின் அத்துமீறல்" என்று வைத்தால் முதல் வரியிலேயே பேச்சு முறிந்துவிடும். "முதல் வரியில் 'முதல்' என்ற சொல்" போதும். கட்டுரையின் வரலாறு பக்கத்திலிருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் முன்பின் காட்டும் வேறுபாட்டு இணைப்புகளை எடுத்துக் கீழே போடுங்கள், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டாம். "ஊர் தெரியாதவர்" என்றதற்குப் பதிலே எழுதாதீர்கள். எழுத்துக்கூட்டல் விஷயம் தனித் தலைப்பு. ரெண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்றில் ஒத்துவருபவர்கூட மற்றதற்காக முறைப்பார்.

தண்டையார்பேட்டை_மணிக்கூண்டு:
நடைமுறையை அவர் சொல்லிட்டார், நான் விஷயத்துக்கு வரேன். உங்க சண்டையே "முதல்" என்ற ஒரே சொல்லாலதான். எதுல முதல்னு ரெண்டு பேருமே சொல்லலை.

பயணிகள் ரயில்னு பார்த்தா பம்பாய் போரி பந்தர்லேர்ந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16-லயே ஓடிடுச்சு. 1854 ஆகஸ்ட்ல ஹவுராவிலேர்ந்து ஹூக்ளிக்கு. ராயபுரம் வாலாஜா ரோடு வண்டி 1856 ஜூலை 1. ஆக "இந்தியாவின் முதல்"ங்கிறது நிக்காது. ஆனா அந்த நாளிதழ்க்காரர் சும்மா எழுதலை. பம்பாயிலும் ஹவுராவிலும் அந்த முதல் கட்டடங்கள் இப்ப கிடையாது, இடிச்சிட்டுப் புதுசு கட்டினாங்க. ராயபுரத்துல 1856 கட்டடம் அப்படியே நிக்குது, வண்டியும் நிக்குது. "இன்றும் இருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது"ங்கிறதைச் சுருக்கிச் சுருக்கி "முதல்" ஆக்கிட்டாங்க. அந்த இணைப்பைத் திறந்து தலைப்பை விட்டுட்டு உள்ளே படிங்க. பெரும்பாலும் மூணாவது பத்தியில சரியா இருக்கும், தலைப்புலதான் பெருசா இருக்கும். தலைப்பு மேற்கோள் ஆகாது.

உங்க வரியும் முழுசா சரியில்லைங்க. "தென்னிந்தியாவின் முதல் ரயில்"னு யாராவது நீட்டினா உடனே இன்னொருத்தர் செங்குன்றத்தைக் கொண்டு வருவார்: 1837-லயே கல் ஏத்த அங்க ஒரு பாதை இருந்துச்சு. அதனால "பயணிகள்"ங்கிற சொல் கட்டாயம் வேணும்.

உரையாடல் பக்கத்துல இப்படி ஒரு வரியை முன்வைங்க: "தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இன்றும் பயன்பாட்டில் இருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இந்தியாவிலேயே பழமையானது இதுவே." அவருக்கு "இந்தியாவிலேயே"ங்கிற சொல் கிடைச்சுடும், உங்களுக்கு உண்மை கிடைச்சுடும். ரெண்டு வாக்கியத்துக்கும் தனித்தனி மேற்கோள், வாக்கியம் முடியற இடத்துலயே. பத்திக் கடைசியில ஒண்ணாக் குவிச்சா எது எதுக்குன்னு தெரியாது, அடுத்த சண்டை அங்க ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு பாருங்க. நாளிதழ் கட்டுரையோட தேதியைக் குறிச்சுக்கிட்டு, கட்டுரை வரலாற்றுல அதுக்கு முந்தின பதிப்பைத் திறங்க. "இந்தியாவின் முதல்"னு அப்பவே விக்கியில இருந்துச்சுன்னா, நிருபர் இங்கேர்ந்து எடுத்து, நாம அங்கேர்ந்து மேற்கோள் காட்டுற வட்டமா இருக்கலாம். நிரூபணம் இல்லை, ஆனா வேற மூலம் தேடணும்னு கேட்க அது போதும். இணையத்துல இல்லாத புத்தகமும் செல்லும்: எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல பழைய ரயில்வே வரலாறு ஏதாவது பார்த்தா நூற்பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் மூணையும் போடுங்க. பக்க எண் இல்லாம புத்தகம் பேரை மட்டும் போட்டா யாரும் சரிபார்க்க முடியாது, நியாயமாவே தூக்கிடுவாங்க. ஸ்டேஷன்ல போய் நீங்களே பார்த்தேன்னு எழுதுறது சொந்த ஆய்வு, நிக்காது.

மூலக்கொத்தளம்:
இராயபுரம் மேட்டர்ல அவர் சொல்றதுக்கும் நியாயம் கீது. ரகரம் சொல்லுக்கு முதல்ல வராதுன்னு இலக்கணம், அதான் முன்னாடி இகரம் போடறாங்க. தமிழ் விக்கில அந்த வழக்கம் நெறய கட்டுரைல இருக்கு. பஸ் போர்டுல ராயபுரம்னு இருக்கேன்னு இதுல மல்லுக்கு நின்னா வேலைக்காவாது. இந்த ஒரு பக்கத்தோட முடியுற விஷயமும் இல்ல, நாளைக்கு ராயப்பேட்டையும் வரும். அதனால தமிழ் விக்கில எல்லாரும் பொதுவா பேசற ஆலமரத்தடி பக்கத்துல எழுது. எந்தத் தலைப்பு நின்னாலும் மத்ததை வழிமாற்றாப் போட்டுடலாம், தேடுறவனுக்கு ரெண்டும் ஒரே பக்கம்தான். அப்புறம், ரயிலா தொடருந்தா, ஜூலையா சூலையான்னு இதுக்குள்ள இழுத்துடாத நைனா, பொங்கல் வரைக்கும் ஓடும்.

பழைய_வண்ணை:
அவர் பதிலே சொல்லாவிட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு வாரம் விடுங்கள். எல்லோரும் தினமும் வருவதில்லை. அதற்குள் அவர் வேறு பக்கங்களில் தொகுத்துக்கொண்டே இருந்தும் பதில் இல்லை என்றால், முன்மொழிந்த வரியைக் கட்டுரையில் போட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் "உரையாடல் பக்கம் பார்க்கவும்" என்று எழுதுங்கள். அதையும் பேசாமல் நீக்கினால் அப்போது நிர்வாகியிடம் போகலாம். அங்கே வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டாம்: நான்கு வேறுபாட்டு இணைப்பு, உரையாடல் இணைப்பு ஒன்று, "பேச்சுக்கு வரவில்லை" என்று ஒரு வரி. அவர்கள் பார்ப்பது நடத்தையை.

ஆங்கிலத்தில் ஆள் அதிகம் என்பதால் படிகளும் அதிகம். இரண்டே பேர் சண்டை என்றால் மூன்றாவது ஒருவரிடம் கருத்துக் கேட்கும் பக்கம் உண்டு. அதற்கும் முதலில் உரையாடல் பக்கத்தில் பேசியிருக்க வேண்டும். பொதுக் கருத்துக் கேட்பு வழக்கமாக 30 நாள் ஓடும். தமிழில் ஆலமரத்தடியில் ஒரு நடுநிலையான அறிவிப்பு போதும். உங்கள் வாட்சப் குழுவில் "வந்து என் பக்கம் எழுதுங்க" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நேற்றுக் கணக்குத் தொடங்கிய ஆறு பேர் ஒரே வரியை எழுதினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கள்ள ஓட்டு மாதிரித்தான் தெரியும். தலையை எண்ணுவதும் கிடையாது, மேற்கோளைத்தான் பார்ப்பார்கள்.

கல்மண்டபம்:
நன்றி. தனித்தனித் தலைப்பா போட்டாச்சு, வரியையும் முன்வச்சாச்சு. அவர் பேரை இணைச்சேன், ஆனா கையொப்பம் போட மறந்து ரெண்டு நிமிஷம் கழிச்சு சேர்த்தேன். அவருக்கு அறிவிப்பு போயிருக்குமா?

பழைய_வண்ணை:
போயிருக்காது. பெயர் இணைப்பும், கையொப்பமாக மாறும் நான்கு அலைக்குறியும் (~~~~) ஒரே சேமிப்பில் இருந்தால்தான் அறிவிப்பு போகும். கீழே புதிதாக ஒரு வரி, அவர் பெயர், கையொப்பம், மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் சேமியுங்கள். கையொப்பத்தில் வரும் நேரம் உலக நேரம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். 24 மணிக் கணக்குப் பார்க்கும்போது அதை நினைவில் வையுங்கள்.